பொட்டலம் கட்ட முடியாதது

டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் (சகலர் என்றால் நீ ஒருத்திதான்) அறிவிப்பது யாதெனில்: நம் அறையின் சன்னலோரப் பாதி இன்று காலை முதல் என் ஆட்சிக்கு வந்துவிட்டது. உன் கட்டில், உன் மேசை, உன் அலமாரித் தட்டுகள், சன்னல் வழியே வரும் காற்று, காற்றோடு வரும் பக்கத்து வீட்டு டிவி சத்தம் ஆகிய அனைத்தும் கைப்பற்றப்பட்டன. போரில் உயிர்ச்சேதம் ஒரு கரப்பான்பூச்சி. தற்போது உன் கட்டிலில் என் கால்பந்து ஓய்வெடுக்கிறது. உன் தலையணை மேல் என் காலுறைகள். ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து தெரிவிக்கவும்.

போன் இருக்க, ஏன் கடிதம் என்று கேட்பாய். வீட்டு நம்பரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. என் போனோ அம்மாவின் பீரோவில் சிறைவாசம் செய்கிறது. அப்பாவின் போனுக்குச் சேவல் கூவும் ரிங்டோன் வைத்தேன், அவ்வளவுதான் குற்றம். அது ஞாயிறு ஆராதனையில் கூவியது. அந்த நேரம் பார்த்துப் போதகர், சேவல் கூவுமுன் பேதுரு ஆண்டவரை மறுதலித்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் அதற்கு நானா பொறுப்பு? சபையே திரும்பி அப்பாவைப் பார்த்தது. 'நான் யாரையும் மறுதலிக்கலைங்க' என்கிற மாதிரி பாவம் முழித்தார்.

ஆகவே ஹாரன் மாமா வழியாக இந்தக் கடிதம். அப்பா ஊருக்குள் பஸ் ஓட்டுகிறார், மாமா உன் ஊர் வரைக்கும் ஓட்டுகிறார், இருவருக்கும் ஒரே டிப்போ. உன் ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவாராம். பதிலையும் அங்கேயே கொடு.

இனி அரசியல் செய்தி. நீ அனுப்பிய பார்சல் பிரிக்காமலே உனக்குத் திரும்பி வந்திருக்கும். நான் பிரிக்கத்தான் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். "பெட்டியை அனுப்பிட்டு, கிறிஸ்துமஸுக்கு நான் வரலைங்கறா. போன வருஷமும் இதே கதை. பெட்டி போகட்டும், அவ வரட்டும்."

அன்று சாயங்காலமே சட்டம் பிறந்தது. "இந்த வருஷம் பேப்பர் சுத்தின எதுவும் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. டிசம்பர் பூரா கடையில நின்னு அடுத்தவங்க பரிசைக் கட்டுறேன். வீட்டுக்கு வந்தும் பெட்டி மூஞ்சியிலயே முழிக்கணுமா?" பரிசு கட்டும் கவுண்டரிலேயே காலம் தள்ளுகிறவள் சொன்னால் எதிர்த்துப் பேச ஆளுண்டா? வாசலில் ஒரு நட்சத்திரம் மட்டும் போதுமாம். புதுத்துணி கிடையாதாம். அன்றைக்கு நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். நாலு என்றுதான் சொன்னாள்.

பரிசு உண்டு. ஆனால் பொட்டலம் கட்ட முடியாத பரிசாக இருக்க வேண்டும். யார் யாருக்குக் கொடுப்பது என்று சீட்டு எடுத்தோம். அப்பாவுக்கு அம்மா வந்தாள். ("கல்யாணத்தன்னிக்கே வந்துட்டா" என்றார்.) அம்மாவுக்கு நான். எனக்கு நீ. உன் சார்பில் நானே எடுத்ததில் உனக்கு அப்பா.

நான் உனக்குத் தரப்போவது சரித்திரத்தில் இடம்பெறும் பரிசு. இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
சன்னலோரப் பாதியின் மாமன்னன்

*

டிசம்பர் 7

டேய் மாமன்னா,

முதலில் என் கட்டிலை விட்டு இறங்கு. கால்பந்தையும் இறக்கு. காலுறையை நினைத்தாலே குமட்டுகிறது.

பார்சல் வந்து சேர்ந்தது. வார்டில் எல்லோரும் இருக்கும்போது வந்தது. "யாருப்பா அனுப்பினாங்க? பிரி, பிரி" என்றார்கள். நான் அனுப்பியது எனக்கே வந்திருக்கிறது என்றா சொல்வது? சிரித்து மழுப்பினேன்.

உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்துகொள். அம்மாவுக்கு மெத்தென்று ஒரு செருப்பு. நாள் முழுக்க நின்றால் பாதம் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும், நானும் நிற்கிறவள்தானே. அப்பாவுக்குக் கூலிங் கிளாஸ், எதிர்வெயிலில் ஓட்டுகிறார் என்று. உனக்குக் கால்பந்து பூட்ஸ். எல்லாம் இப்போது விடுதியில் என் கட்டிலுக்கடியில் தூங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை கடை ஏறி இறங்கினேன்! அதைத் திருப்பி அனுப்பினால் என்னையே வாசலோடு அனுப்பிய மாதிரி இல்லையா?

எளிமையாம். இருக்கட்டும், நல்லதுதான். ஒருத்தி ஆசையாகக் கொடுப்பதை 'சரி' என்று வாங்கிக்கொள்வதும் எளிமைதான் என்று அம்மாவிடம் சொல். வேண்டாம், சொல்லாதே.

கிறிஸ்துமஸ் அன்று டியூட்டிக்கு நானாகவே பெயர் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போகட்டும். எனக்கு என்ன, கட்டில் கூடப் பறிபோய்விட்டது.

அக்கா

பி.கு. அம்மாவுக்குக் கால் வீங்குகிறதா? சும்மா கேட்டேன்.

*

டிசம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்குக் கால் வீங்குகிறது. சும்மா சொன்னேன்.

சட்டம் என்றால் ஓட்டை இருக்க வேண்டுமே, தேடினேன். பொட்டலம் கட்ட முடியாதது என்றால் யாரால் முடியாதது? என்னால் என்றால் ஒரு சோப்புக்கட்டியே போதும், நான் கட்டினால் அடிபட்டு வந்தவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கும். அம்மாவால் முடியாதது என்றால்தான் சிக்கல். சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று ஞாயிறு மதியம் பழைய செய்தித்தாள்களோடு உட்கார வைத்தேன்.

ஏணியைக் கொடுத்தேன். கட்டினாள், ஒவ்வொரு படியும் தனித்தனியாகத் தெரிந்தது. விரித்த குடை. கட்டினாள். என் சைக்கிள். மணியை மட்டும் வெளியே விட்டு, அதற்கொரு முடிச்சும் போட்டாள். வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, சொட்டு சிந்தாமல் கட்டிவிட்டு, "அடுத்தது?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மேசை மேல் ஏறிப் படுத்து, "என்னைக் கட்டு பார்ப்போம்" என்றேன். கட்டினாள். வாயைத் தனியாக. கதை கட்டுகிறவனைக் காகிதம் கட்டியது. இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

சிரித்து ஓய்ந்து காகிதங்களை மடிக்கும்போது கேட்டேன், "ஏம்மா, போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"உனக்கு நல்லா இருந்துச்சு. பிரிச்ச உடனே அதைத் தூக்கிட்டு வெளிய ஓடிட்ட. அப்பா புது ரேடியோவைத் திருகிட்டு உட்கார்ந்துட்டார். அக்காவோட பெட்டி வந்துச்சு, அக்கா வரலை. நான் இதே இடத்துல உட்கார்ந்து கிழிச்சுப்போட்ட பேப்பரை மடிச்சிட்டு இருந்தேன். பண்டிகையன்னிக்கும் கவுண்டர்லயே இருக்கற மாதிரி இருந்துச்சுடா."

நானும் கூட உட்கார்ந்து காகிதம் மடித்தேன். அபூர்வம், தேதியைக் குறித்து வை. சமாளிக்க, "தொழுவத்துக்கு வந்த ஞானிகளே பொன் கொண்டு வந்தாங்களே" என்றேன்.

முகச்சவரம் செய்துகொண்டிருந்த அப்பா நுரையோடு திரும்பினார். "கொண்டு வந்தாங்க. பொன்னைப் பெட்டியில வச்சிருப்பாங்க. அவ்வளவு தூரம் வந்தாங்களே, அதை எந்தப் பெட்டியில வைப்ப?"

அம்மா குனிந்தபடியே சொன்னாள்: "அன்னிக்கு அங்க சுத்தி வச்சது ஒண்ணே ஒண்ணுதான். பிள்ளையை, துணியில."

இப்படிப் பெரிய பெரிய பேச்செல்லாம் பேசிவிட்டு, அக்கா, கேள், அப்பா சட்டத்தை மீறுகிறார்! நேற்று டியூட்டி முடிந்து டிப்போவிலிருந்து வருகிறார், தோளில் ஒரு ராட்சசப் பெட்டி. வாஷிங் மெஷின் வருமே, அந்த அளவு. வீட்டுப் பக்கம் வராமல் கடைத்தெருப் பக்கம் நடக்கிறார். பிறகு கேட்டால் "டிப்போ சாமான்டா" என்கிறார். காது சிவந்துவிட்டது. அம்மாவுக்கு ஏதோ பிரம்மாண்டமாக வாங்கிவிட்டார். துப்புத் துலக்காமல் விடமாட்டேன்.

இப்படிக்கு,
மாமன்னன் மற்றும் தலைமை ஒற்றன்

*

டிசம்பர் 12

ஒற்றனுக்கு,

பார்த்தாயா? அப்பாவே வாங்கிவிட்டார். நான் வாங்கினால் குற்றம், அவர் வாங்கினால் டிப்போ சாமான். என் பெட்டி அதில் கால்வாசி கூட இருக்காது. பெரிய பெட்டியாக அனுப்பியிருந்தால் உள்ளே விட்டிருப்பார்கள் போல.

உள்ளே என்ன என்று கண்டுபிடித்து எழுது. வாஷிங் மெஷின் என்றால் எனக்குச் சந்தோஷம்தான், அம்மா கை தப்பிக்கும். ஆனாலும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

இங்கே ஆறாம் படுக்கையில் ஒரு லாரி மெக்கானிக் இருக்கிறார். கால் முறிவு. நான் ஊசியை எடுத்தால் அவர் பாட்டு எடுப்பார், அப்படிக் குஷியான ஆள். அவர் பிள்ளைகள் நேற்று ரிப்பன் கட்டிய ஒரு பழக்கூடையை வைத்துவிட்டு, நேரமாகிறது என்று போய்விட்டார்கள். நல்ல கூடை, நான்கூடப் பார்த்திராத ஒரு வகைப் பழம் அதில் இருந்தது. அவர் கூடைப் பக்கம் திரும்பவே இல்லை. கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாட்டும் இல்லை.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. பேனாவால் அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அடிக்க மனமில்லை. நீயும் இதில் எதையாவது கண்டுபிடித்துக் கிண்டல் பண்ணாதே.

அக்கா

*

டிசம்பர் 16

அக்கா,

இன்று கிண்டல் குறைவாக இருக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

நேற்று அப்பாவைப் பின்தொடர்ந்தேன். அதே பெட்டி, அதே தோள். நேராக அம்மாவின் கடைக்குள் போனார். நான் பொம்மைப் பகுதியில் ஆளுயரக் கரடிக்குப் பின்னால் பதுங்கினேன். ஒரு குழந்தை என்னையும் விலைக்குக் கேட்டது, அதன் அம்மா வேண்டாம் என்று இழுத்துப் போனாள்.

கவுண்டரில் அப்படி ஒரு கூட்டம். அம்மாவின் விரலுக்கு விரல் டேப் துண்டு ஒட்டியிருந்தது, முடியில் ஒரு துண்டு. பக்கத்தில் இன்னொரு பெண்ணும் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வரிசையின் வாலில் போய் நின்றார், காக்கிச் சட்டையும் பெட்டியுமாக. அவர் முறை வந்தது. அம்மா நிமிராமலே "அடுத்தது" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, நடிப்பு நமக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பக்கத்திலேயே கடை சூப்பர்வைசர் நின்றார், அதனால்தான் நடிப்பு.

"என்ன பொருள் சார்?"

"கண்ணாடிச் சாமான்மா. மெதுவா கட்டுங்க, அவசரமே இல்லை."

அம்மா பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கினாள். காற்றடைத்த பலூனைத் தூக்குகிற மாதிரி தூக்கிவிட்டு, சட்டென்று நினைவு வந்து இரண்டாவது கையையும் கொடுத்து முக்கினாள்.

"ரொம்ப கனம் சார்."

"ஆமாம்மா, பார்த்து."

"பெரிய பெட்டி. பின்னாடி மேசையிலதான் கட்டணும்."

"அதுக்கென்ன, உட்கார்ந்தே கட்டுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்கும் தெரியுமே, அந்தக் கவுண்டரில் உட்காரக் கூடாது. மேசைக்கு அடங்காத பெரிய சாமான் வந்தால் மட்டும் பின்னால் இருக்கிற தாழ்ந்த மேசையில் வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து கட்டலாம். அது கடைச் சட்டம். பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை அக்கா. அப்பா அம்மாவுக்குக் கொண்டுபோனது அந்த ஸ்டூலை.

அம்மா உட்கார்ந்தாள். மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி, ஒரு பாதத்தை இன்னொன்றின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டாள். யாரும் பார்க்காதபடி அப்பா முன்னால் சுவர் மாதிரி நின்றார். ஆற அமரக் கட்டி முடித்துத் தந்தாள். அவர் வாங்கி, இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, "இந்த ஓரம் கொஞ்சம் கோணலா இருக்கேம்மா. பிரிச்சு மறுபடி கட்டிடுங்களேன்" என்றார். அம்மா கட்டியது கோணலாம்! ஏணியைக் கட்டியவளிடம்!

சூப்பர்வைசர், "சார் ரொம்ப நுணுக்கம் பார்க்கறாரு" என்றார்.

"தினமும் வர்றார் சார். இப்படி ஒரு தொல்லை புடிச்ச கஸ்டமரை நான் பார்த்ததே இல்லை" என்றாள் அம்மா, குனிந்துகொண்டு. தோள் குலுங்கியது. அழுகையில்லை, நான் நன்றாகப் பார்த்தேன்.

சீட்டு எடுத்த மறுநாளிலிருந்து தினமும் இதுதான் நடக்கிறதாம். ஹாரன் மாமாவைப் பிடித்து உலுக்கியதில் கக்கினார். டிப்போவுக்கு எடுத்துவந்து பிரித்துவிட்டு, மறுநாளும் அதே பெட்டி. பிரித்த காகிதத்தை மெக்கானிக்குகள் விரித்துப்போட்டுச் சாப்பிடுகிறார்களாம். டிப்போவே தங்க நிறத்தில் ஜொலிக்கிறதாம்.

வீட்டில் இருவரும் வாயைத் திறப்பதில்லை. ராத்திரி சாப்பாடு போடும்போது அம்மா சொன்னாள், "இன்னிக்கும் அந்தக் கஸ்டமர் வந்தார்."

"அப்படியா? ஆள் எப்படி?"

"சுமார்தான்."

அப்பா அதற்கு மேல் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார்.

நான் யாரையும் லேசில் மெச்சுகிறவன் இல்லை, உனக்கே தெரியும். என் குறும்புகளைத்தான் இந்த ஊரிலேயே உசத்தி என்று நினைத்திருந்தேன். அந்தப் பெட்டிக்கு முன்னால் என் சேவல் ஒன்றுமே இல்லை. ஒரு கடையையே ஏமாற்றுகிறார், ஒருவருக்கும் நஷ்டமில்லை, கட்டுக்கூலியையும் கொடுத்துவிடுகிறார், ஒருத்தி உட்காருகிறாள்.

உன்னை வா என்று நான் கேட்கப்போவதில்லை. வந்தால் என் ஆட்சிக்குத்தான் நஷ்டம். இரண்டு கட்டிலிலும் மாறி மாறி உருண்டு ராஜ வாழ்க்கை வாழ்கிறேன். உன் பக்கம் காற்று பிரமாதம்.

இப்படிக்கு,
ஒற்றன்

*

டிசம்பர் 19

டேய் தம்பி,

உன் கடிதத்தை மருந்து அறையில் நின்று படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

ஆறாம் படுக்கைக்காரருக்கும் படித்துக் காட்டினேன், மன்னித்துக்கொள். "கோணலா இருக்கேம்மா" என்ற இடத்தில் கட்டுப்போட்ட காலோடு குலுங்கிச் சிரித்தார். பிறகு பிள்ளைகளுக்குப் போன் போடச் சொன்னார். "ஒண்ணும் வாங்கிட்டு வராதீங்க, சீட்டுக்கட்டு மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றார். நேற்று வந்தார்கள். அவர் கள்ள ஆட்டம் ஆடி மாட்டிக்கொண்டு வார்டையே ரகளையாக்கிவிட்டார். நான்தான் போய் அதட்ட வேண்டியிருந்தது.

ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பிள்ளைகள் இருக்கிறவர்களுக்காக டியூட்டி கேட்டு வாங்கினேன் என்றது சும்மா சாக்கு. போன வருஷமும் அப்படித்தான். வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் வழி முழுக்க அழுகிறேன். ஹாரன் மாமாவைக் கேள், ஒரு தடவை வண்டியை நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பயந்துதான் பெட்டி. பெட்டி போனால் அழாது. அம்மா அதைத் திருப்பி அனுப்பியபோது இது அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்றுதான் எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்கிறேன்.

தலைமை நர்ஸிடம் போய் நின்றேன். "நீயா கேட்டு வாங்கின டியூட்டிதானே? இப்ப என்ன?" என்றார். "காலிப் பெட்டி மேடம்" என்றேன். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். முழுக் கதையும் சொன்னேன். புத்தாண்டுக்கு இரண்டு டியூட்டி சேர்த்துப் பார்க்கிறாயா என்றார். பார்க்கிறேன்.

இருபத்துநாலாம் தேதி காலை ஹாரன் மாமா பஸ்ஸில் வருகிறேன். ஆனால் வீட்டுக்கு நேராக வரமாட்டேன். என் சீட்டில் அப்பாதானே? பஸ் நிலையத்தில் இறங்கி அப்பாவின் பஸ்ஸில் ஏறப்போகிறேன். டிக்கெட் எடுத்து, அவர் இருக்கைக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பப்போகிறேன். சின்ன வயதில் அந்த இடத்துக்குத்தான் நாம் அடித்துக்கொள்வோம். இத்தனை வருஷமாக ஊரையே ஏற்றி இறக்குகிறார், அவருக்காக ஒருத்தர் ஏறியதுண்டா? இதை அம்மாவால் கட்ட முடியுமா என்று பார்க்கலாம்.

அம்மாவின் செருப்பைப் பெட்டியில் கொண்டுவரமாட்டேன். காலில் போட்டுக்கொண்டு வருவேன். எங்கள் இருவருக்கும் ஒரே அளவு. வாசலில் கழற்றிவிட்டு, திரும்பும்போது அவளுடைய பழசை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பேப்பர் சுற்றிய எதுவும் வரக் கூடாது என்பதுதானே சட்டம்?

அப்பாவுக்கு மூச்சு விடாதே. என் கட்டிலையும் காலி செய்து வை. உன் கொடுங்கோலாட்சியின் அடையாளங்களை இருபத்துநாலாம் தேதி நேரில் பார்வையிடுவேன்.

அக்கா

*

டிசம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

செருப்பு யோசனையைப் படித்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். குறும்பில் நான் இந்த வீட்டில் மூன்றாம் இடம்தான் போலிருக்கிறது. அம்மாவை இன்னும் சரியாகக் கணிக்காததால் நாலாகவும் இருக்கலாம்.

அவள் எனக்குத் தரப்போகும் பரிசு வெளியாகிவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று முழுக்க என்னைத் திட்டவே மாட்டாளாம். பொட்டலம் கட்ட முடியாததுதான், நடக்கவும் முடியாதது. காலைச் சாப்பாட்டுக்குள் உடைத்துக் காட்டுகிறேன்.

அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேற்றும் போனார்.

இனிமேல்தான் விஷயம். நீ பார்வையிட வருவதாக எழுதிவிட்டாய், எப்படியும் கண்ணில் படும். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

நான் எதையும் கைப்பற்றவில்லை.

டிசம்பர் நாலாம் தேதி கால்பந்தை உன் கட்டிலில் வைத்தது மட்டும் நிஜம். அது உருண்டுபோய், சுவரோரம் நீ சாய்ந்து உட்கார்ந்து உட்கார்ந்து மெத்தையில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறதே, அதில் போய் நின்றது. பார்க்க என்னவோ போல் இருந்தது. எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் ஒன்றும் வைக்கவில்லை. காலுறை கதை சுத்தப் பொய். இரண்டு கட்டிலில் உருண்டதும் பொய், உன் கட்டிலில் ஒரு நாள் கூடப் படுக்கவில்லை. உன் மேசை மேல் நீ விட்டுப்போன ஹேர்பின் அங்கேயே இருக்கிறது. துடைக்கும்போது எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைத்துவிடுகிறேன். செத்துப்போன கரப்பான்பூச்சி என் பக்கத்தைச் சேர்ந்தது.

சரித்திரப் புகழ் பரிசு என்றேனே, அப்படி ஒன்றும் கிடையாது. முதல் கடிதத்தில் அளந்துவிட்டு, அதற்கப்புறம் யோசித்து யோசித்து ஒன்றும் தோன்றவில்லை. இன்று காலை அந்த யோசனையிலேயே உன் போர்வையை உதறிக்கொண்டிருந்தேன். அம்மா வந்துவிட்டாள்.

"என்னடா பண்ற?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "அக்காவுக்குப் பரிசு."

"எங்க?"

"இதான். இந்தப் பாதி. அப்படியே வச்சிருக்கேன்."

அம்மா கவுண்டரில் சாமானைப் பார்க்கிற பார்வையால் கட்டிலைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், சன்னல் வரைக்கும் நீளம் அகலம் எடுத்தாள். எவ்வளவு காகிதம் வேண்டும் என்று கணக்குப் போடுகிறாள் என்றே நினைத்தேன். பிறகு அந்தப் பள்ளத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"இதை என்னால கட்ட முடியாதுடா."

ஏணிக்கும் சைக்கிளுக்கும் தண்ணீருக்கும் தோற்காதவள். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. ஏன் இப்போது போர்வையை உதறுகிறாய், யார் வரப்போகிறார்கள் என்று அவள் கேட்கவும் இல்லை. எழுந்துபோய், துவைத்து வெளுத்த தலையணை உறை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியம்.

மெத்தையில் இப்போது அம்மா உட்கார்ந்த இடமும் கொஞ்சம் தெரிகிறது. தட்டிச் சரிசெய்யவில்லை. வந்து நீயே பார்த்துக்கொள். மாமன்னன், ஒற்றன் பட்டங்களை எல்லாம் திரும்ப ஒப்படைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
இத்தனை நாளும் கதவோரப் பாதியில் மட்டும் குடியிருந்த
உன் தம்பி